ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை போங்கள்

கேள்வி: எனக்கு 46 வயது. வெளிநாட்டில் இருக்கிறேன். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அப்போது பயணம் செய்ய முடியாத நிலை, வர முடியவில்லை. அதற்குப் பிறகு இப்போதுதான் முதல் தடவையாக ஊருக்கு வருகிறேன், 16 நாள் லீவில். போன தடவை பத்து நாளில் பதினான்கு வீடு ஏறி இறங்கினேன். "இளைச்சிட்டியே", "பசங்க என்ன படிக்கிறாங்க" என்பதைத் தாண்டி எங்கேயும் பேச்சு நகரவில்லை. இந்தத் தடவை அப்பாவைப் பற்றி, அவரோடு வளர்ந்தவர்களிடம் கேட்க வேண்டும் என்று ஆசை. ஆனால் சொந்தக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் அதே நாலு கதைதான் வரும். அதிலும் யார் சொல்வது சரி என்று சண்டை வந்துவிடும். அப்பாவின் அக்காவுக்கு 81 வயது, சொன்னதையே சொல்கிறார் என்கிறார்கள். சித்தப்பாவும் அப்பாவும் சொத்துத் தகராறில் பதினோரு வருடம் பேசாமல் இருந்தவர்கள். அவர் வீட்டுப் பக்கமே போகக் கூடாது என்கிறார் அம்மா. என் பிள்ளைகளுக்கு 14 வயது, 10 வயது. நாம் பேசினால் புரியும், திருப்பிப் பேச வராது. "அங்கே வந்து நாங்கள் என்ன செய்வது?" என்று இப்போதே கேட்கிறார்கள். என்னிடம் அப்பாவின் பழைய படம் ஒன்று இருக்கிறது. பதினெட்டு வயது இருக்கும். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பக்கத்தில் இன்னொரு பையன். அது யார் என்று அவர் இருக்கும்போது கேட்காமல் விட்டுவிட்டேன். எங்கே தொடங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பதினான்கு வீடு என்று படித்ததும் சிரிப்பு வந்தது, மன்னியுங்கள். ஊருக்கு வந்துபோகிறவர்கள் என்னிடம் சொல்லும் கணக்கெல்லாம் இந்த மாதிரிதான் இருக்கும். ஒரு வீட்டுக்கு நாற்பது நிமிடம். அதில் பத்து நிமிடம் நாற்காலி இழுத்துப் போடுவதிலும் மின்விசிறியைத் திருப்பி வைப்பதிலும் போகும். கடைசிப் பத்து நிமிடம் "கிளம்புறோம்", "அதுக்குள்ளயா" என்று கழியும். மீதி இருபது நிமிடத்தில் எந்த மனிதரும் செத்துப்போன தம்பியைப் பற்றி மனம்விட்டுப் பேசிவிட மாட்டார்.

நான் சொல்லப்போவது ஒன்றுதான். இந்தத் தடவை நான்கு வீட்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். அந்த நான்கு வீட்டுக்கும் இரண்டு தடவை போங்கள், நடுவில் நான்கைந்து நாள் விட்டு.

ஏன் இரண்டு தடவை? 1913-இல் லண்டனில் பல்லார்ட் என்ற ஆய்வாளர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டை மனப்பாடம் செய்யக் கொடுத்தார். முழுதாக மனதில் ஏறுவதற்குள் நிறுத்தி, தெரிந்தவரை எழுதச் சொன்னார். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் வேறொரு நாள் மறுபடி எழுதச் சொன்னார். மறந்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? முதல் நாள் விட்டுப்போன வரிகள் பல பிள்ளைகளுக்கு அடுத்த தடவை வந்துவிட்டன. ஒரு தடவை தேடிப் பார்த்த நினைவு, தேடுவதை நிறுத்திய பிறகும் உள்ளே கிளறிக்கொண்டே இருக்கும் போலிருக்கிறது.

இதைப் புத்தகத்தில் படித்திருந்தும் எனக்கு உறைத்தது என் பெரியம்மா வீட்டில்தான். தாத்தாவைப் பற்றிக் கேட்கலாம் என்று போனேன். ஃபோனை எடுத்து அவர் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, "தாத்தா எப்படிப்பட்டவர் பெரியம்மா?" என்று கேட்டேன். அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வானொலியில் பேசுகிற மாதிரி "தங்கமான மனுஷன்" என்றார். அதோடு சரி. நாலு நாள் கழித்து, அங்கே மறந்து வைத்த குடையை எடுக்கப் போனேன். குடையை வாங்கிக்கொண்டு செருப்பை மாட்டும்போது, கதவு நிலையில் சாய்ந்தபடி அவராகவே ஆரம்பித்தார்: "நீ கேட்டியேன்னு ராத்திரி யோசிச்சேன். மழை பெஞ்சா அப்பா எங்களை எழுப்பி உக்கார வைப்பாரு. கூரை ஒழுகுற இடத்துல பாத்திரம் இருக்கும். அதுல விழுற சொட்டை எண்ணச் சொல்வாரு, இடிக்குப் பயந்து அழாம இருக்கணும்னு. நான் இருநூத்திப் பன்னெண்டு வரைக்கும் எண்ணியிருக்கேன்." ஒரு செருப்பு காலில், ஒன்று கையில் என்று அரை மணி நேரம் நின்றேன். மற்றவர்களுக்கு ஆலோசனை சொல்லிச் சம்பாதிக்கிற எனக்கு, என் தாத்தா மழை ராத்திரியில் என்ன செய்வார் என்பது ஒரு குடை மறந்துபோனதால் தெரியவந்தது.

ஆகவே முதல் தடவை போகும்போது எதையும் வாங்கிவர வேண்டும் என்று போகாதீர்கள். கேள்வியைப் போட்டுவிட்டு வாருங்கள். கிளம்பும்போது, "மறுபடி வியாழக்கிழமை வர்றேன், ஏதாவது ஞாபகம் வந்தா வச்சிருங்க" என்று நாள் சொல்லிவிட்டு வாருங்கள். "அப்புறம் வர்றேன்" என்றால் நம்ப மாட்டார்கள்.

மீதி வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்களே என்று கேட்பீர்கள். கோபித்துக்கொள்வார்கள்தான். அதைக் குறைக்க ஒரு வழி: கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒவ்வொருவரையும் நீங்களே ஃபோனில் கூப்பிட்டு, முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் எல்லாரும் கூடுகிறோம், அவசியம் வர வேண்டும் என்று சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்லி அனுப்பாதீர்கள். மனக்கசப்பு பாதி அதில்தான் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமையில் அதே நாலு கதை ஓடும், ஓடட்டும். சிரிக்கவும் படம் எடுக்கவும் அந்தக் கூட்டம் நல்லது. அதற்கு மேல் அதில் தேடாதீர்கள்.

கூட்டத்தில் ஏன் அந்த நாலு கதையைத் தாண்டுவதில்லை என்பதற்கும் காரணம் உண்டு. மூன்று பேரைத் தனித்தனியாக நினைவுபடுத்திச் சொல்லச் சொல்லி, மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வருவதைவிட, மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சொன்னால் வருவது குறைவு. 1997-இல் வெல்டன், பெலிஞ்சர் என்ற இருவர் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஒருவர் தன் பாணியில் ஒரு கதையைச் சொல்லத் தொடங்கினால், பக்கத்தில் இருப்பவர் பிடித்துவைத்திருந்த நூல் அறுந்துவிடுகிறது. அதிலும் வீட்டில் ஒரு பேச்சாளர் இருப்பாரே, அவர் இருக்கும் அறையில் மற்றவர்கள் எல்லாரும் ரசிகர்கள்தான். அதனால் நான்கு வீட்டிலும் ஒரு மணி நேரமாவது ஒருவரோடு மட்டும் தனியாக உட்காருங்கள்.

முதல் இரண்டு நாள் யார் வீட்டுக்கும் போக வேண்டாம். நேர வித்தியாசத்தை உடம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்ற கணக்கில்தான் சரிக்கட்டும். கண் செருகிக்கொண்டு போய் உட்கார்ந்தால், "பாவம், பிள்ளை தூங்கட்டும்" என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

சரி, எந்த நான்கு வீடு? நடுவயது தாண்டியவர்களிடம் உங்கள் வாழ்க்கையில் நினைவுக்கு வருவதைச் சொல்லுங்கள் என்றால், ஏறத்தாழ 10 வயதுக்கும் 30 வயதுக்கும் நடுவில் நடந்தவைதான் மற்ற காலத்தைவிட மிகுதியாக வரும். உளவியலாளர் டேவிட் ரூபின் குழுவினர் 1986-இல் இதை எழுதினார்கள், பிறகு பலரும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். முதல் வேலை, முதல் சிநேகிதம், முதல் பெரிய தோல்வி எல்லாம் விழும் வயது அது. உங்கள் அப்பாவின் அந்த வயதுக்குச் சாட்சி யார்? அம்மா அதன் கடைசிப் பகுதியில்தான் வந்து சேர்ந்திருப்பார். நீங்கள் அதற்கும் பிறகு. அத்தையும் சித்தப்பாவும் அவரோடு படித்தவர்களும்தான் அந்தக் காலத்தில் கூடவே இருந்தவர்கள். ஆகவே என் பட்டியல்: அத்தை, சித்தப்பா, அப்பாவின் பழைய நண்பர் ஒருவர், முதல் வேலையில் அவரோடு இருந்த யாராவது ஒருவர். ஊருக்கு வருகிறவர்கள் போட்டுக்கொண்டு வரும் பட்டியலில் நண்பர்கள் பெயர் இருப்பதே இல்லை. அண்ணன் தம்பியிடம் காட்டாத முகத்தை மனிதர்கள் நண்பனிடம்தான் காட்டியிருப்பார்கள்.

கேள்வி சின்னதாக இருக்க வேண்டும். "அப்பா எப்படி இருப்பார்?" என்று கேட்டால் உங்களுக்கும் "தங்கமான மனுஷன்" என்றுதான் பதில் வரும். ராத்திரி யார் பக்கத்தில் யார் படுப்பீர்கள், விளக்கை அணைப்பது யார் வேலை, அடி விழும்போது முதலில் ஓடுவது யார், அவருக்குக் கோபம் வந்தால் எங்கே போய் உட்காருவார் என்று கேளுங்கள். இதற்கெல்லாம் "நல்லவர்" என்று பதில் சொல்ல முடியாது. அந்த இடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும். கேட்டபின் வாயை மூடிக்கொள்ளுங்கள். வயதானவர் பேசாமல் இருந்தால் மறந்துவிட்டார் என்று நினைத்து நாம் அடுத்த கேள்விக்குத் தாவுகிறோம். அவர் அப்போதுதான் அந்தத் தெருவில் பாதி தூரம் நடந்து போயிருப்பார். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு நேர் எதிரே, உங்கள் முகத்தில் வெளிச்சம் படும்படி உட்காருங்கள். வயதானால் முதலில் மங்குவது கீச்சென்ற உச்ச ஸ்தாயி ஒலிகள், அதனால் சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. உதட்டைப் பார்த்துத்தான் பாதி புரிந்துகொள்வார்கள்.

யார் சொல்வது சரி என்ற சண்டைக்கு வருவோம். 1932-இல் பார்ட்லெட் என்ற கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை இங்கிலாந்துக்காரர்களுக்குப் படிக்கக் கொடுத்து, பிறகு திரும்பச் சொல்லச் சொன்னார். சொல்லச் சொல்லக் கதையில் வந்த சீல் வேட்டை மீன்பிடிப்பாக மாறிவிட்டது. மரத்தோணி படகாகிவிட்டது. யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. தனக்குப் பழக்கமானதை வைத்துத்தான் மனம் கதையைக் கட்டிக்கொள்கிறது. நியூசிலாந்தில் நடந்து 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்து வளர்ந்தவர்கள் பலர் ஒரே சம்பவத்தை "அது எனக்கு நடந்தது" என்று இரண்டு பேருமே உறுதியாகச் சொன்னார்கள். விழுந்தது ஒருவராகத்தான் இருக்கும், ஆனால் முட்டி எரிந்ததாக இருவருக்கும் நினைவிருக்கும், அந்த மாதிரி.

உங்கள் வீட்டிலும் இது நடக்கும். வெள்ளம் வந்த அன்று அண்ணன் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாரா, தம்பி அண்ணனை இழுத்துக்கொண்டு வந்தாரா என்று இரண்டு கதை வரும் என்று வையுங்கள். நடுவர் நாற்காலியில் உட்காராதீர்கள். "சரி, நீங்க பார்த்ததை நீங்க சொல்லுங்க, அவர் பார்த்ததை அவர்கிட்ட கேட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டையும் இரண்டாகவே எழுதி வையுங்கள். பதினோரு வருடம் பேசாமல் இருந்த இரண்டு பேரில் ஒருவர், "அவன்தான் என்னைத் தூக்கிட்டு வந்தான்" என்று சொன்னால் அந்தப் பதில் உங்களுக்கு எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். அது உண்மையிலேயே நடந்ததா என்பது அப்போது இரண்டாம் விஷயமாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். கதையை நீங்கள் ஊட்டாதீர்கள். "அன்னைக்கு அப்பா ரொம்ப அழுதாராமே?" என்று கேட்டால், "ஆமா, அழுதான்" என்று வரும், பிறகு அது நினைவாகவே ஒட்டிக்கொள்ளும். எலிசபெத் லாஃப்டஸ், பிக்ரெல் என்ற உளவியலாளர்கள் 1995-இல் 24 பேரிடம், சின்ன வயதில் நீங்கள் கடைவளாகத்தில் தொலைந்துபோனீர்கள், உங்கள் வீட்டாரே சொன்னார்கள் என்று நடக்காத ஒன்றைச் சொன்னார்கள். ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு அது முழுதாகவோ அரைகுறையாகவோ ஞாபகம் வந்துவிட்டது. வீட்டார் சொன்னார்கள் என்றால் நாம் எதையும் நம்புகிற ஜாதி.

அத்தை விஷயம். சொன்னதையே சொல்கிறார் என்பதில் இரண்டு வகை உண்டு. பழைய கதையைப் போன வாரமும் சொல்லி, இந்த வாரமும் சொன்னால் கவலைப்பட வேண்டாம். யாரிடம் எதைச் சொன்னோம் என்ற கணக்கு வயதானால் தப்பும். அதுவும் போக, முதியவர்கள் பழங்கதை பேசுவது மூளை தளர்ந்ததன் அடையாளம் என்றுதான் ஒரு காலத்தில் மருத்துவர்களே நினைத்தார்கள். 1963-இல் ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர், வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துக் கணக்குத் தீர்ப்பது அந்த வயதுக்குரிய இயல்பான வேலை என்று எழுதிய பிறகுதான் பார்வை மாறியது. அத்தை அதே கதையைத் தொடங்கினால், "அப்போ நீங்க எங்க நின்னுட்டிருந்தீங்க?" என்று ஓரத்திலிருந்து கேளுங்கள். தேய்ந்த கதைக்குள்ளேயும் யாரும் நுழையாத ஒரு மூலை இருக்கும்.

ஆனால் பத்து நிமிடத்துக்குள் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாலோ, பழகிய வீட்டில் வழி தடுமாறினாலோ, கூட இருப்பவர்களிடம் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு. மறதி நோயாகவே இருந்தாலும் அத்தையைப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். புதிய நினைவு முதலில் போகும், பழையது கடைசிவரை தங்கும் என்று பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ 1881-லேயே எழுதினார், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. உங்கள் கல்யாணம் அவர் நினைவில் இல்லாமல் போயிருக்கலாம், தம்பியின் அரைக்கால் சட்டை இருக்கும். உள்ளே நுழையும்போதே உங்கள் பெயரையும் இன்னார் மகள் என்பதையும் சொல்லிவிடுங்கள். "என்னைத் தெரியுதா, யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். அதைப் போலக் கொடுமை வேறில்லை. "தம்பி எங்கே, வரலையா?" என்று அவர் கேட்டால், இறந்த செய்தியை ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. "தம்பியைத் தேடுதா அத்தை?" என்று கேளுங்கள். அவர் பேசுவார்.

சித்தப்பா. இதில் நான் அம்மா பக்கம் நிற்கவில்லை, போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் ஒளிந்து போகாதீர்கள். பின்னால் தெரியவந்தால், சொத்துத் தகராறு போதாதென்று மகளே ஏமாற்றினாள் என்று இன்னொன்று சேரும். அம்மாவிடம் முன்கூட்டியே, தனியாக, அனுமதி கேட்கும் குரலில் இல்லாமல் தகவல் சொல்லும் குரலில் சொல்லுங்கள்: "அப்பாவோட சின்ன வயசைப் பத்திக் கேட்கப் போறேன். வேற எதையும் பேச மாட்டேன். உன்கிட்டேருந்து எந்தச் சேதியும் கொண்டு போக மாட்டேன், அங்கேருந்தும் கொண்டு வர மாட்டேன்." அம்மா கத்தலாம், ஒரு நாள் பேசாமல் இருக்கலாம். அந்தப் பதினோரு வருடத்தில் அவர் பட்ட அவமானம் உங்களுக்குத் தெரிந்ததைவிட அதிகமாக இருக்கும், அதைக் குறைத்துப் பேசாதீர்கள். "பழசை விடும்மா" என்ற வார்த்தை மட்டும் உங்கள் வாயில் வரக் கூடாது. நீங்கள் போவதே பழசைத் தேடித்தான்.

சித்தப்பா வீட்டில் என்ன நடக்கும்? பெரும்பாலும் பத்தாவது நிமிடத்தில் அவர் தன் பக்க நியாயத்தை ஆரம்பிப்பார். அவருக்கும் சாட்சி வேண்டியிருக்கிறது, செத்தவரின் மகளைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? கொஞ்ச நேரம் கேளுங்கள், தலையாட்டாமல். பிறகு, "அதைப் பத்திப் பேச எனக்குத் தெம்பு இல்ல சித்தப்பா. நீங்களும் அப்பாவும் சின்னப் பசங்களா இருந்ததைச் சொல்ல இப்ப உங்களைவிட்டா எனக்கு ஆள் இல்ல" என்று சொல்லுங்கள். இது தந்திரம் இல்லை, உண்மையே அதுதான். அவர் அழுதால் அழட்டும். பேசாமல் போன அண்ணனுக்கு அழ அவருக்கும் இடம் கிடைத்திருக்காது. எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள், எந்த வாக்கும் கொடுக்காதீர்கள். வழக்கு ஏதாவது நிலுவையில் இருந்தால் போவதற்கு முன்பே உங்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இரண்டு குடும்பத்தையும் சேர்த்துவைக்கும் வேலையையும் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். 16 நாளில் ஆகிற காரியம் இல்லை. அவர் வாசலிலேயே திருப்பி அனுப்பினால் திரும்பி வாருங்கள். ஐந்தாறு நாள் கழித்து ஒரு தடவை ஃபோனில் மட்டும் கூப்பிட்டுப் பாருங்கள். நான் சொன்ன இரண்டாம் தடவை அதற்கும் பொருந்தும்.

பிள்ளைகளைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. அட்லாண்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற இருவர், தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள் என்பது போன்ற 20 கேள்விகளை வைத்து, குடும்பக் கதை அதிகம் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கையும் கூடுதலாக இருப்பதைப் பார்த்தார்கள். இதைப் படித்துவிட்டு உடனே விடைகளை மனப்பாடம் செய்யவைத்துவிடாதீர்கள். பதில் தெரிவது முக்கியமில்லை, அதைச் சொல்லிச் சொல்லிக் கேட்கிற பழக்கம் வீட்டில் இருப்பதுதான் விஷயம் என்று டியூக்கே சொல்லியிருக்கிறார். மூத்த பிள்ளை கையில் ஒலிப்பதிவு வேலையைக் கொடுங்கள். சின்னவர் ஒரே ஒரு கேள்வியை எழுதி வைத்துக்கொண்டு நான்கு வீட்டிலும் அதையே கேட்கட்டும். "எங்க தாத்தா எதுக்குப் பயப்படுவாரு?" என்று பத்து வயதுப் பிள்ளை தப்பும் தவறுமாகக் கேட்டால், பெரியவர்களிடம் வராத பதிலெல்லாம் வரும். நான்கு மணி நேரம் நல்ல பிள்ளைகளாக உட்கார வைக்காதீர்கள். கேள்வி முடிந்ததும் விளையாட விட்டுவிடுங்கள்.

ஒலிப்பதிவு என்றேனே, கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள், ஃபோனைக் கவிழ்த்து மேஜையில் வையுங்கள், என் மாதிரி முகத்துக்கு நேராக நீட்டாதீர்கள். அன்று ராத்திரியே பெயரும் தேதியும் போட்டு இரண்டு இடத்தில் சேமித்துவிடுங்கள்.

கடிதத்தில் நீங்கள் நேராக எழுதாத ஒன்றும் இருக்கிறது. அப்பா போனபோது நீங்கள் அங்கே இல்லை. வீட்டில் இருப்பவர்கள் மூன்று வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிட்டார்கள். அவர் கட்டிலை நகர்த்தியிருப்பார்கள், சட்டைகளை யாருக்காவது கொடுத்திருப்பார்கள், அவர் நாற்காலியில் இப்போது துவைத்த துணி குவிந்திருக்கும். நீங்கள் உள்ளே நுழையும் அன்று உங்களுக்கு அது முதல் நாள். "எல்லாத்தையும் எடுத்துட்டீங்களா?" என்று கோபம்தான் முதலில் வரும், அம்மா மேல்தான் பாயும். அதனால் கிளம்பும் முன்பே ஃபோனில் கேட்டுக்கொள்ளுங்கள்: எது இருக்கிறது, எது இல்லை, கட்டில் எங்கே இருக்கிறது. அப்பாவின் பொருள் ஒன்றை, எதுவாக இருந்தாலும், நீங்கள் வரும்வரை அசைக்காமல் வைக்கச் சொல்லுங்கள். நான் சொன்ன அந்த முதல் இரண்டு நாளும் தூக்கத்துக்கு மட்டும் இல்லை.

அம்மாவும் பட்டியலில் உண்டு, வீடு கணக்கில் சேராமல். ஊரெல்லாம் போய் அப்பாவைப் பற்றிக் கேட்டுவிட்டு, கூட வாழ்ந்தவரிடம் கேட்காமல் விட்டால், "நான் உயிரோட இருக்கும்போதே என்னைத் தாண்டிப் போறியா?" என்று அவருக்குத் தோன்றும். அதனால் முதலில் அவரிடம்தான். பிள்ளைகள் தூங்கும் நேரமாகப் பார்த்து, அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு கீழே உட்காருங்கள். கல்யாணத்துக்கு முந்தியதைக் கேட்காதீர்கள், அவருக்குத் தெரியாததைக் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம். இந்த வீட்டுக்குள் வந்த முதல் ராத்திரி அப்பா என்ன பேசினார், முதல் சண்டை எதற்கு, கடைசி வாரத்தில் அவர் எதைக் கேட்டார். இந்தக் கடைசிக் கேள்வியை இரண்டாம் தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த சைக்கிள் படம். முன்னும் பின்னும், ஃப்ளாஷ் போடாமல் ஜன்னல் வெளிச்சத்தில் இப்போதே ஒரு நகல் எடுத்துவிடுங்கள். அசலைக் கையோடு கொண்டு வாருங்கள், லக்கேஜில் போடாமல் கைப்பையில். ஃபோன் திரையில் காட்டினால் ஒரு விநாடி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அசலாக இருந்தால் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, புரட்டி, பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இது யார் என்று மட்டும் கேட்காதீர்கள். சைக்கிள் யாருடையது, படம் எடுத்தது யார், அன்று எதற்காகப் படம் எடுத்தார்கள், அந்தச் சட்டை அப்பாவுடையதுதானா என்று ஓரங்களைக் கேளுங்கள். சொல்வதைப் படத்தின் மேல் பேனாவால் எழுத வேண்டாம், தனிக் காகிதத்தில் எழுதி உறையோடு வையுங்கள்.

முதலில் அத்தையிடம் காட்டுங்கள், சித்தப்பாவிடம் இரண்டாம் தடவை போகும்போது காட்டுங்கள். பக்கத்தில் நிற்கும் அந்தப் பையன் சித்தப்பாவாகவே இருந்து, அவர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் தராமல் உட்கார்ந்திருந்தால், கேட்டு வாங்காதீர்கள். நகல்தான் உங்களிடம் இருக்கிறதே.